உறுதி யார் பெயரில்?



ஸ்கொட்லாந்தில் ஒரு குடும்பம் தன் மூதாதையரின் காணியைத் தேட நினைத்தால் வழி இருக்கிறது. காணிக் கைமாற்றங்களைப் பதிவதற்கென்றே 1617இல் அங்கே 'சசீன்' பதிவேடு தொடங்கிவிட்டது. யார் விற்றார், யார் வாங்கினார், எந்த மகனுக்குப் போனது என்று நானூறு வருடம் பின்னால் போகலாம்.

நம் ஊவா மலைகளில் தோட்டம் நடத்திய துரைமாரில் பலர் அந்த நாட்டவர்தான். பதுளைப் பக்கம் கிளென் அல்பின், ஹப்புத்தளையில் கிளனனோர். 'கிளென்' என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் பள்ளத்தாக்கு. ஊர்ப்பெயரோடு பதிவுப் பழக்கமும் வந்தது. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஃபெர்குசன் குடும்பத்தார் கொழும்பில் வெளியிட்ட டிரெக்டரியில் தோட்டத்தின் பெயர், ஏக்கர், உரிமையாளர், துரை எல்லாம் வரிசையாக இருக்கும். கொழுந்து பறித்தவரின் பெயர் இருக்காது.

அந்தக் காணி முதலில் யாருடையது? 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்டது. கண்டிய கிராமத்தவர் சேனை செய்த நிலத்துக்கு ஏது உறுதி? ஆரம்பத்தில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்குக்கூட முடிக்காணி விலைபோனது. உறுதி இல்லாததால் ஒருவர் இழந்தார். உறுதி எழுதி இன்னொருவர் எடுத்தார்.

1869இல் நம் மடூல்சீமையில்தான் கோப்பி இலைநோய் முதலில் கண்டறியப்பட்டது. கோப்பி விழுந்தது, தோட்ட விலையும் விழுந்தது. 1890இல் வந்து இறங்கினார் கிளாஸ்கோ மளிகைக் கடைக்காரர் தோமஸ் லிப்டன். தம்பேத்தன்ன உட்படப் பல தோட்டங்களை மலிவாக வாங்கினார். அவர் உட்கார்ந்து பார்த்த இடம் என்று இன்றும் 'லிப்டன் சீட்'டுக்கு ஏறுகிறோம், செல்ஃபி எடுக்கிறோம். அவர் மணம் முடிக்கவில்லை. 1931இல் இறந்தபோது பெருஞ்செல்வம் கிளாஸ்கோ நகரத்து ஏழைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் போனது. நல்ல காரியம்தான். ஆனால் தம்பேத்தன்ன லயத்திலும் ஏழைகள் இருந்தார்கள்.

பிறகு 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. இத்தனை கைமாறியும் லயத்து அறை குடியிருந்தவர் பெயருக்கு மாறவே இல்லை.

அவர்கள் பெயர் எழுதப்பட்ட இடங்கள் வேறு. செக்ரோல், கங்காணியின் கணக்கு, பஜாரில் நம் பாட்டன்மாரின் கடைக் கடன் கொப்பி (இதையும் சொல்லத்தானே வேண்டும்). அதோடு 'துண்டு'. கடன் தீர்ந்ததா என்று காட்டும் அந்தக் கடதாசி இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921இல்தான் அது ஒழிந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்தில் பிறந்த பாட்டனுக்கு எங்கிருந்து பத்திரம் கொண்டுவருவது?

2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. எழுந்து போக சொந்தக் காணி இருக்கவில்லை. காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்ற எண்ணிக்கைகூட நாளுக்கு நாள் மாறியது.

இப்போது வீட்டுக் காணி பற்றிப் பேசுகிறார்கள். வீடு கிடைத்தவர்களிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, உறுதி கையில் வந்ததா என்பதுதான்.

நம் பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரையச் சொன்னால் பல கொப்பிகளில் பாட்டனோடு கிளை நின்றுவிடுகிறது. வீட்டு றங்குப்பெட்டியில் பழைய துண்டு, செக்ரோல் தாள், பிறப்புப் பத்திரம், கடவுச்சீட்டு ஏதும் கிடந்தால் எறியாதீர்கள். ஒரு படம் எடுத்து வையுங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் பின்னால் எழுதுங்கள். இந்தியாவில் எந்த ஊர் என்று பாட்டிக்கு நினைவிருந்தால், அதையும் இன்றே கேட்டு எழுதிவிடுங்கள்.