மஞ்சச் சீட்டை யார் தூக்குறது?

சீட்டுக்கட்டுன்னாலே நம்ம திண்டுக்கல் பக்கம் ரம்மி, மங்காத்தா, மரத்தடி, போலீஸ் வந்தா ஓட்டம்... இவ்வளவுதான் ஞாபகம் வரும். சீட்டு விளையாடிக்கிட்டே நாட்டுப் பிரச்சனையை மரியாதையா பேசலாம்னு சொன்னா சிரிப்பாங்க. ஆனா அப்படி ஒரு ஆட்டம் நிஜமாவே இருக்கு. அதைப் பத்திப் படிச்சப்போ, எனக்கு நம்ம பாண்டிய நாட்டுக் கல்வெட்டு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம்.

முதல்ல ஆட்டம். 2000களின் தொடக்கத்தில் லண்டனைச் சேர்ந்த நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் 'டெமாக்ஸ்' என்ற சீட்டாட்டத்தை உருவாக்கியது. அதை அடிப்படையா வச்சு ஐரோப்பிய அறிவியல் மையங்கள் 'ப்ளே டிசைட்' கொண்டு வந்தாங்க. நாலுலேர்ந்து எட்டுப் பேர் மேசையைச் சுத்தி உட்காரணும். தகவல் சீட்டு, ஒரு மனுஷனோட கதை சொல்ற சீட்டு, கேள்வி எழுப்புற சீட்டுன்னு கலந்து இருக்கும். தனக்கு முக்கியம்னு படுறதை எடுத்து வச்சு ஒவ்வொருத்தரும் பேசணும். மரபணு சோதனை, எய்ட்ஸ் மாதிரி தலைப்புகள். கடைசியில் நாலு கொள்கை நிலைப்பாட்டுக்கு ஓட்டு. நாலுமே சரிப்படலைன்னா, எல்லாருமா சேர்ந்து அஞ்சாவதா ஒண்ணை எழுதிக்கலாம்.

ஜெயிக்கிறவன், தோக்கிறவன் கிடையாது. ஆனா ஆளுக்கொரு மஞ்சச் சீட்டு உண்டு. ஒருத்தர் அடுத்தவரைப் பேச விடலைன்னாலோ, பேச்சே புரியலைன்னாலோ அதைத் தூக்கிக் காட்டலாம். கால்பந்தில் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் வந்த மஞ்ச அட்டை நடுவர் கையில் மட்டும்தான் இருக்கும். இங்க நடுவரே இல்லை, எல்லார் கையிலயும் சீட்டு. ஆட்டத்தோட சூட்சுமமே இதுதான்.

இப்போ நம்ம ஊர். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மானூர். மாறஞ்சடையன் என்ற பாண்டிய மன்னனின் 35-ஆம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய கி.பி. 800. ஊர்ச் சபையில் யார் உறுப்பினராகலாம், எப்படி நடந்துக்கணும்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. அதுல ஒரு விதி: எந்த யோசனை வந்தாலும் 'வேண்டாம், வேண்டாம்'னு முட்டுக்கட்டை போடுறவருக்கு ஐந்து காசு தண்டம். கூட நின்னு தாளம் போடுறவருக்கும் சேர்த்து!

உத்திரமேரூர் குடவோலையை (919, 921) நாம எல்லாரும் பாடத்தில் படிச்சிருக்கோம். பானைக்குள்ள ஓலைச் சீட்டு, சின்னப் பையன் எடுப்பான். அது ஆளைத் தேர்ந்தெடுக்கிற ஏற்பாடு. கூடி உட்கார்ந்து பேசுறது எப்படிங்கிறதுக்கு விதி போட்ட மானூர், அதுக்கும் நூறு வருஷத்துக்கு மேல முந்தினது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனா அங்கயே நிறுத்திடக் கூடாது. மானூர் சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. நிலத்தில் பங்கு வேணும், மந்திர பிராமணமும் தர்மமும் படிச்சிருக்கணும். உழுதவனுக்கு அங்கே இடமில்லை. இன்னொண்ணு, முரண்டு பிடிக்கிறவனையும் நியாயமா மறுக்கிறவனையும் பிரிச்சுப் பார்க்கிறது யார்? அதே சபைதான். அதாவது மஞ்சச் சீட்டு பெரும்பான்மை கையில்.

திண்டுக்கல்லுக்கு வருவோம். சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமத்தை 1947-ல் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கினாங்க. கிராமம் தன்னைத் தானே ஆளணும்ங்கிற காந்தி கனவுதான் அதுக்கு அடிப்படை. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, இன்னிக்கு ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிற எல்லாருமே கிராம சபை உறுப்பினர். நிலமும் கேட்க மாட்டாங்க, படிப்பும் கேட்க மாட்டாங்க. மானூர் கல்வெட்டு கனவுலகூட நினைக்காதது இது.

சட்டம் அப்படி, நடப்பு? பக்கத்து மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 தொடங்கி 2006 வரைக்கும் ஊராட்சியை முறையா நடக்க விடலை. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனை 1997-ல் வெட்டியே கொன்னாங்க. இங்க பிரச்சனை நாகரிகமா பேசத் தெரியாதது இல்லை. யார் பேசலாம்ங்கிறதுதான்.

அதனால ஐரோப்பாக்காரன் சீட்டுக்கட்டை அப்படியே கொண்டு வந்து கிராம சபையில் போட்டா வேலை நடந்துடும்னு நான் நம்பலை. நாளைக்கு யார் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகணுமோ, அவர் பேசும்போது மஞ்சச் சீட்டைத் தூக்க எத்தனை கை எழும்?

ஆனா மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கே. 1989-ல் தருமபுரியில் தொடங்கினது, இன்னிக்குத் தெருவுக்குத் தெரு இருக்கு. பன்னிரண்டிலிருந்து இருபது பேர், எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. கடன் கணக்கு முடிஞ்சதும் ரெண்டு வட்டமா உட்கார்ந்து, தண்ணி, ரேஷன், சாக்கடைன்னு சீட்டு எழுதி ஆடிப் பார்க்கலாம். குறுக்கே பேசுறவங்களை நிறுத்திப் பழகின கை, கிராம சபையிலும் என்னிக்காவது எழும்.

விதி எழுதுறதுல நமக்கு ஆயிரத்து இருநூறு வருஷ அனுபவம் இருக்கு. சீட்டைப் பங்கு போடுறதுதான் பாக்கி.

உங்க ஊர் கிராம சபையில் யார் பேசுறாங்க, யார் கடைசி வரிசையில் நின்னுட்டுப் போயிடுறாங்க? சொல்லுங்க மக்கா.