நீராவி இயந்திரமும் மூன்றில் ஒரு பங்கும்

நீராவி இயந்திரம் என்றாலே ஜேம்ஸ் வாட் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712-ல், தாமஸ் நியூகோமன் இங்கிலாந்தின் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நீராவி இயந்திரத்தை நிறுவிவிட்டார். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைப்பதுதான் அதன் வேலை.

அதில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி ஆவியைக் குளிர்விக்க வேண்டும். பிறகு அதே சிலிண்டரை மறுபடியும் சூடாக்க வேண்டும். இதிலேயே ஏராளமான நிலக்கரி வீணானது. ஆவியை வேறொரு கலத்தில் குளிர்வித்தால் சிலிண்டர் சூடாகவே இருக்குமே என்று 1765-ல் வாட் யோசித்தார். 1769-ல் காப்புரிமையும் பெற்றார்.

நல்ல யோசனை மட்டும் போதுமா? முதலில் பணம் போட்ட ஜான் ரோபக் நொடித்துப் போனார். அவருடைய பங்கு பர்மிங்காம் தொழிலதிபர் மாத்யூ போல்டனிடம் வந்தது. 1775-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது.

இனிமேல்தான் வியாபாரம்! இயந்திரத்தின் பாகங்களுக்கும் அதை நிறுவுவதற்கும் ஆகும் செலவு சுரங்க முதலாளியுடையது. பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை போல்டனுக்கும் வாட்டுக்கும் கட்ட வேண்டும். கார்ன்வால் பகுதியில் அப்போது தாமிரச் சுரங்கங்கள் நிறைய இருந்தன, நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் அங்கே இந்தக் கணக்கு நன்றாகவே எடுபட்டது.

1781-ல் சக்கரத்தைச் சுழற்றும் இயந்திரத்துக்கும் வாட் காப்புரிமை பெற்றார். ஆலைகளில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய இயந்திரம் இல்லை, குதிரைகள்தான் இருந்தன. எனவே குதிரைத்திறன் கணக்கில் ஆண்டுக் கட்டணம் வாங்கினார்கள். ஆற்று நீரை நம்பியிருந்த பஞ்சாலைகள் மெல்ல மெல்ல மான்செஸ்டர் போன்ற நகரங்களில் பெருகின.

ஆனால் நாளாக ஆக, மூன்றில் ஒரு பங்கு கார்ன்வால் முதலாளிகளுக்குக் கசந்தது. பலர் கட்ட மறுத்தார்கள், வழக்குகள் நடந்தன. இரண்டு சிலிண்டர் இயந்திரம் செய்த ஜோனதன் ஹார்ன்புளோயரும் இந்தக் காப்புரிமையில் சிக்கினார். உயர் அழுத்த நீராவி ஆபத்தானது என்று வாட் அதை எதிர்த்தார். காப்புரிமை 1800-ல் முடிந்தது. 1804-லேயே ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் உயர் அழுத்த இயந்திரம் வேல்ஸில் தண்டவாளத்தின் மேல் 10 டன் இரும்பை இழுத்துச் சென்றது.

காப்புரிமை இல்லையென்றால் போல்டன் பணம் போட்டிருக்க மாட்டார். அது இருந்ததால் மற்றவர்கள் 25 ஆண்டுகள் தயங்கி நின்றார்கள். நீராவியின் வரலாற்றில் வரவும் பற்றும் ஒரே பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.