சோழமண்டலக் கடற்கரை அடிமை வணிகம்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரையுள்ள துறைகளில் தமிழ், தெலுங்கு மக்களை விலைக்கு வாங்கி இலங்கை, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா), மலாக்கா முதலிய இடங்களுக்குக் கப்பலேற்றிய வணிகம். இந்த நீண்ட கரையின் நடுவில், பாண்டிச்சேரிக்கு வடக்கே இருக்கிறது மரக்காணம் உப்பளக் கரை. அங்கிருந்து மேற்கே திண்டிவனம் தாண்டினால் செஞ்சிக் கோட்டை. அந்தக் கோட்டையையும் தஞ்சையையும் பிடிக்க நடந்த படையெடுப்புகள் கப்பல்களுக்குப் பலமுறை ஆள் திரட்டித் தந்தன.

ஆளை விற்பது ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கம் அல்ல. பஞ்சத்தில் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு மகள்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டதை 1201ஆம் ஆண்டின் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் அந்தத் தந்தையும் மகள்களும் ஒரே ஊரில், ஒரே கோயில் நிழலில் இருந்தார்கள். கடல் வணிகம் அந்த ஆறுதலையும் பறித்தது.

1622-23இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேரை அனுப்பியது. கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று அதன் அதிகாரிகள் எழுதினார்கள். ஆள் கிடைப்பது அவ்வளவு எளிதாக இருந்தது. பீஜப்பூர், கோல்கொண்டா படைகள் தெற்கே இறங்கியபோது, 1646இல் 2,118 பேர் பத்தாவியாவுக்குப் போனார்கள். 1659-61இல் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடின. விதைநெல்லும் மாடும் போனபின் மிஞ்சியது பிள்ளைகள்தான். நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் 8,000 முதல் 10,000 பேர் வரை கம்பெனி வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர்.

1677இல் செஞ்சியைக் கைப்பற்றிய சிவாஜி, தேவனாம்பட்டினத்து டச்சுக்காரர்களுக்குக் கவுல் (எழுத்து மூல அனுமதி) வழங்கினார். முன்பிருந்த ஆட்சியில் ஆண், பெண் அடிமைகளை வாங்கி ஏற்றுவதற்குத் தடை இல்லாமல் இருந்தது, தாம் இந்த நாட்டை ஆளும்வரை அது கூடாது, மீறிக் கப்பலேற்ற முயன்றால் தம் ஆட்கள் தடுப்பார்கள் என்பது அதன் சாரம். இந்தக் கரையின் அடிமைகள் பக்கம் நின்று ஓர் அரசு பேசிய அரிய ஆவணம் அது. சென்னையில் ஆங்கிலேயர் 1680களில் ஒருமுறை தடை விதித்தார்கள். சில ஆண்டுகளில் பஞ்சம் வந்ததும் தலைக்கு வரி வாங்கிக்கொண்டு அனுமதித்தார்கள். மொகலாயர் செஞ்சியை முற்றுகையிட்டிருந்த காலத்தில், 1694 முதல் 1696 வரை மட்டும், தனியார் 3,859 பேரை இக்கரையிலிருந்து இலங்கைக்குக் கொண்டுபோனார்கள்.

கம்பெனிக் கணக்குகள் ஆளை எண்ணின, உறவை எண்ணவில்லை. போன இடத்தில் புதுப்பெயர் வந்தது. அடிமைகள் கொண்டுபோகப்பட்ட இன்னோர் இடமான, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையின் ஏடுகளில் பெயருக்குப் பின்னே ‘சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்’ என்ற அடைமொழிதான் நிற்கிறது. ஊர் இல்லை, தாய் தகப்பன் பெயர் இல்லை. தேட ஒருவர் புறப்பட்டிருந்தாலும் எந்தப் பெயரைச் சொல்லி விசாரித்திருப்பார்? ஆனாலும் விடுதலை வேட்கை அதே ஏடுகளில் வேறு விதமாகப் பதிவாகியிருக்கிறது. முனையில் விடுதலை பெற்றவர்களில் சிலர் காசு சேர்த்துத் தம் துணையையும் பிள்ளைகளையும் விலைகொடுத்து மீட்டார்கள். பத்தாவியாவில் விடுதலையானவர்கள் மார்டைக்கர் என்ற தனிச் சமூகமாகவே வளர்ந்தார்கள். சோழமண்டலத்திலும் வங்காளத்திலும் இருந்து போனவர்கள் அவர்களில் பலர்.

18ஆம் நூற்றாண்டில் பாண்டிச்சேரியும் இவ்வணிகத்தில் இருந்தது. ஆட்களைக் கடத்தி அடிமைகளாக விற்ற கும்பலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1743இல் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1780இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி, அன்று கர்நாடகம் எனப்பட்ட இந்தத் தமிழ்ப் பகுதிக்குள் புகுந்தபோது பிரிவு வேறு திசையில் நடந்தது. பல குடும்பங்கள் மைசூருக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. சிறுவர்கள் ‘சேலா’ படைப்பிரிவுகளில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆங்கிலேய-மைசூர்ப் போரை முடித்த 1784ஆம் ஆண்டின் மங்களூர் உடன்படிக்கையில், சிறைபிடிக்கப்பட்ட கர்நாடக, தஞ்சை மக்களில் திரும்ப விரும்புவோர் குடும்பத்தோடும் பிள்ளைகளோடும் போகலாம் என்று ஒரு விதி இருக்கிறது. குடும்பத்தோடு திரும்புவது ஓர் ஒப்பந்தத்தின் விதியானது இங்கே பெரிய செய்தி. கப்பலில் போனவர்களுக்காக இப்படியொரு விதியை எந்தக் கம்பெனியும் எழுதியதாகத் தெரியவில்லை.

1790இல் சென்னை அரசு அடிமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. உள்நாட்டில் நிலத்தோடு கைமாறிய பண்ணையாட்களுக்கு அது எதையும் தரவில்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமையின் மேல் உரிமை கோரும் வழக்குகளை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. கடன் என்ற பெயரில் அடிமைத்தனம் அதற்குப் பிறகும் நீடித்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்கியது. விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் பல. முன்பணத்துக்காகக் குடும்பமே வேலைக்குப் போயிருக்கும். மீட்பின்போது வருவாய்க் கோட்டாட்சியர் வழங்கும் விடுதலைச் சான்றிதழில் தொழிலாளியின் பெயரும் ஊரும் எழுதப்படுகின்றன.