பெங்களூர் நாகரத்தினம்மாள்

பெங்களூர் நாகரத்தினம்மாள் (நவம்பர் 3, 1878 - மே 19, 1952) கர்நாடக இசைப் பாடகி, பதிப்பாளர். தேவதாசி மரபில் வந்தவர். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதிக்குத் தன் செலவில் கோயில் எழுப்பினார். ஆனால் அந்தச் சமாதியில் ஆண்கள் நடத்திய ஆராதனையில் அவர் பாட முடியவில்லை.

பிறப்பு, இசைக்கல்வி

மைசூர் சமஸ்தானத்தில் நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாய் புட்டலட்சுமி. மகளைச் சிறுவயதிலேயே மைசூருக்கு அழைத்துச் சென்று சமஸ்கிருதமும் இசையும் கற்பித்தார். பின்னர் தாயும் மகளும் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தனர். அங்கே நாகரத்தினம்மாளுக்கு ஆசிரியராக அமைந்த முனுசாமப்பா, தியாகராஜரின் நேர்மாணவரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் வழிவந்தவர். தியாகராஜர் மீது நாகரத்தினம்மாளுக்கு இருந்த ஈடுபாட்டின் தொடக்கத்தை இங்கே காணலாம். பிடாரம் கிருஷ்ணப்பாவிடமும் பயின்றார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து ஜார்ஜ் டவுனில் குடியேறினார். வீணை தனம்மாளும் அப்பகுதியில்தான் வாழ்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். வருமான வரி கட்டும் அளவுக்குப் பொருளீட்டினார். அன்று ஒரு பெண் கலைஞருக்கு இது அரிது. பின்னாளில் அவர் செய்தவை அனைத்தும் இந்தச் சொந்தச் சம்பாத்தியத்தை நம்பியே நடந்தன.

ராதிகா சாந்தவனம்

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட பிரதாபசிம்மரின் அவையில் இருந்த தேவதாசி முத்துப்பழனி, 'ராதிகா சாந்தவனம்' என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். அச்சில் வந்த பதிப்பு ஒன்றை வாசித்த நாகரத்தினம்மாள், அதில் பாடல்கள் நீக்கப்பட்டிருப்பதைக் கண்டார். முத்துப்பழனி தன் குலத்தைப் பற்றிச் சொல்லும் முன்னுரைப் பகுதியும் அதில் இல்லை. ஓலைச்சுவடியைத் தேடிப் பெற்று ஒப்பிட்டு, 1910-ல் வாவிள்ள பதிப்பகம் வழியாக முழுநூலையும் வெளியிட்டார்.

சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் இக்காவியத்தை ஆபாசம் என்றும், ஒரு பெண் எழுதத்தகாதது என்றும் முன்பே கண்டித்திருந்தார். வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண் கவிஞர்கள் எழுதிய சிருங்காரம் ஆபாசம் ஆகாதா என்பது நாகரத்தினம்மாளின் வாதம். அரசு நூலைத் தடைசெய்தது. 1947-ல்தான் தடை நீங்கியது. நாகரத்தினம்மாளின் பதிப்புப் பணி இசைப்பணி அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால் ஒரு தேவதாசியின் குரலை இன்னொரு தேவதாசி மீட்டெடுத்தார் என்பதால், அதைத் திருவையாற்றுப் பணிக்கு இணையாகவே வைக்கவேண்டும்.

திருவையாறு

தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று மறைந்தார். காவிரிக்கரையில் இருந்த அவர் சமாதியை உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்தனர். ஆண்டுதோறும் ஆராதனை நடக்கலாயிற்று. ஆனால் ஆராதனையை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்துவிட்டார்கள். அந்தச் சண்டையில் சமாதியைப் பராமரிக்க ஆளில்லை. அதன் நிலையைப் பற்றி பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம் 1921-ல் நாகரத்தினம்மாளுக்குக் கிடைத்தது. அவர் திருவையாற்றுக்குச் சென்றார். சுற்றியிருந்த நிலத்தைப் பெற்றார், சமாதி மீது கோயில் எழுப்பினார், சிலை நிறுவினார். குடமுழுக்கும் நடந்தது.

இரு கட்சிகளுக்கும் ஆயிரம் வேறுபாடுகள் இருந்தன. பெண்களைப் பாட விடுவதில்லை என்பதில் மட்டும் ஒற்றுமை. நாகரத்தினம்மாள் 1927 முதல் சமாதியின் பின்புறத்தில் பெண்களைக் கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். அது 'பெண்கள் கட்சி' என்று பெயர் பெற்றது. அன்று பாடும் பெண்களில் பெரும்பாலோர் தேவதாசியர் என்பதை நினைவில் கொண்டால், இவ்விலக்கு பாலினத்தோடு குலத்தையும் சார்ந்தது என்பது விளங்கும்.

அதே 1927-ல் தேவதாசி முறையை ஒழிக்கும் தீர்மானத்தை முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். நாகரத்தினம்மாள் அதை எதிர்த்த தேவதாசியர் சங்கத்தில் முன்னணியில் நின்றார். கலைத்தொழிலையும் பரத்தமையையும் ஒன்றாக எண்ணுவது தவறு என்பது சங்கத்தின் நிலைப்பாடு. அம்மரபில் சிறுமிகள் பட்ட துன்பத்தை அறிந்த முத்துலட்சுமி ரெட்டியின் பக்கமே நியாயம் வலுவானது. இருந்தாலும், சொத்துரிமையும் கல்வியும் கலையும் கொண்டிருந்த பெண்கள் அவற்றை இழந்துவிடுவோம் என்று அஞ்சியதைக் காரணமற்றது என்று தள்ளிவிட முடியாது.

1940-ல் எஸ்.ஒய். கிருஷ்ணஸ்வாமி, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலியோரின் முயற்சியால் மூன்று கட்சிகளும் இணைந்தன. பெண்களும் பாடலாம் என்பது அந்த இணைப்பின் பகுதி. பஞ்சரத்ன கீர்த்தனைகளை அனைவரும் கூடிப் பாடும் வழக்கம் இதன்பின் நிலைபெற்றது.

மறைவு

நாகரத்தினம்மாள் தன் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். பெண்கள் எந்தத் தடையும் இன்றி அங்கே வழிபடவும் பாடவும் உரிமை உண்டு என்று தன் உயிலில் எழுதி, சொத்துக்களை அறக்கட்டளைக்கு அளித்தார். 1952-ல் மறைந்தார். தியாகராஜரின் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் சமாதி அமைந்தது. அங்குள்ள அவர் சிலை தியாகராஜரின் சன்னதியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறது.