சிறுகோளில் சுரங்கம் தோண்டப் போகிறவரின் எலும்பு: ஒரு சின்ன வரலாறு

1/ சிறுகோளில் சுரங்கம் தோண்டும் கதைகள் புதுசு இல்லைங்க. 1898லேயே அமெரிக்க எழுத்தாளர் காரட் செர்விஸ், செவ்வாய்வாசிகள் ஒரு சிறுகோளில் தங்கம் வெட்டி எடுப்பதாக எழுதிவிட்டார். இந்த மாதிரிக் கதைகளில் ஆபத்து என்றால் கப்பல் உடையும், காற்று தீரும். ஒரு டாக்டராக எனக்குப் பயமாகத் தெரிவது வேறு ஒன்று. எலும்பு.

2/ எலும்பு கல் மாதிரி கிடக்கும் பொருள் அல்ல, உயிருள்ள திசு. தினமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் புதிதாக உருவாகும். நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் அதன்மேல் விழும் பாரம்தான் அதை உறுதியாக வைத்திருக்கிறது. பாரம் போய்விட்டால் கரைவது அதிகமாகும். கரைந்த கால்சியம் சிறுநீரில் வெளியேறும். கிட்னியில் கல் வரும் வாய்ப்பும் கூடும்.

3/ மனிதர்கள் இதை உடம்பில் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1970 ஜூன், சோவியத்தின் சோயுஸ் 9. நிகோலாயெவ், செவஸ்தியானோவ் இருவரும் சின்னக் கலத்துக்குள் ஏறக்குறைய 18 நாள் இருந்தார்கள். பூமிக்கு வந்ததும் சரியாக நிற்க முடியவில்லை, பிறர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. தசை, இதயம், ரத்த ஓட்டம் எல்லாமே தளர்ந்திருந்தன. அடுத்த வருடம் ஏவப்பட்ட சல்யூட் 1 நிலையத்தில் டிரெட்மில் இருந்தது.

4/ அடுத்து வலேரி பொல்யகோவ். இவரும் டாக்டர். 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை, மீர் நிலையத்தில் ஒரே மூச்சில் 437 நாள். விடாமல் உடற்பயிற்சி செய்தார். இறங்கியதும் கலத்திலிருந்து பக்கத்து நாற்காலிக்குத் தானே நடந்து போனார். அந்த நாலு எட்டுதான் அவருடைய ஆய்வு முடிவு!

5/ உடற்பயிற்சி இல்லாவிட்டால்? இடுப்பு மாதிரி பாரம் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி குறையலாம். பூமியில் வயதானவர்கள் ஒரு வருடத்தில் இழப்பதை அங்கே ஒரே மாதத்தில் இழக்கலாம். அதனால்தான் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள்.

6/ சரி, சிறுகோளுக்கு வருவோம். அந்தப் பட்டையிலேயே பெரியது சீரீஸ். பூமியில் 60 கிலோ காட்டுகிறவர் அங்கே 2 கிலோகூடக் காட்டமாட்டார். 'தி எக்ஸ்பேன்ஸ்' தொடர் இதைத்தான் பிடித்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த சுரங்கத் தொழிலாளிகள் நெடுநெடுவென்று, மெலிந்த எலும்போடு இருப்பார்கள். அப்படி ஒருவரைப் பூமியில் பிடித்து, நம் சாதாரண ஈர்ப்புவிசையை வைத்தே சித்திரவதை செய்யும் காட்சி முதல் எபிசோடிலேயே உண்டு.

7/ இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வருபவர் இத்தாலிய மருத்துவர் ரமாசினி. தன் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்த தொழிலாளியின் கண் பாதிப்பைப் பார்த்து விசாரிக்க ஆரம்பித்தவர். 1700இல் தொழில்சார் நோய்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நோயாளியிடம் கட்டாயம் ஒரு கேள்வி கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார்: "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" ஆனால் அவர் அதைக் கேட்பதற்குள் எத்தனையோ தலைமுறைச் சுரங்கத் தொழிலாளிகள் நுரையீரல் கெட்டுச் செத்துவிட்டார்கள்.

8/ இப்போது நிலைமை என்ன? 2015இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. சிறுகோளில் வெட்டி எடுத்தது எடுத்தவருக்கே சொந்தம். அதே சட்டம், தனியார் விண்கலங்களில் பயணிப்பவர்களின் பாதுகாப்புக்கு அரசு விதிமுறை போடுவதைப் பெரும்பாலும் 2023 வரை தள்ளி வைத்தது. தாதுவுக்கு முதலிலேயே சொந்தக்காரர் வந்தாச்சு. உடம்புக்கான விதி அப்புறம்.

9/ நல்ல வேளை, இதுவரை போனதெல்லாம் ரோபோக்கள். ஜப்பானின் ஹயபூசா 2 கொண்டுவந்தது 5.4 கிராம், நாசாவின் ஒசைரிஸ் ரெக்ஸ் 121.6 கிராம். ஆக, ரமாசினியின் கேள்வியை இந்த ஒரு தொழிலிலாவது முன்கூட்டியே கேட்க நமக்கு நேரம் இருக்கு.

10/ அடுத்த தடவை இந்த மாதிரிக் கதை படிச்சா, கேப்டனை விட்டுட்டுத் தோண்டுகிறவரைப் பாருங்க. தினமும் 2 மணி நேரப் பயிற்சிக்கு அவரை விடுவாங்களா? அதுக்குச் சம்பளம் உண்டா? ஒப்பந்தம் முடிஞ்சு ஊர் திரும்பினா அவரால நிற்க முடியுமா?