மணல், சேற்றில் கார் சிக்கினால்.. டிக்கியில் என்ன இருக்கணும்? டோ பெல்ட் வாங்கும் முன் இதைப் படிங்க!

மழைக்குப் பிறகு தோட்டத்துப் பாதை, ஊர் எல்லை மணல் ரோடு. ஜிம்னி, தார் மட்டுமல்ல, சாதாரண எஸ்யூவியும் சிக்கும் இடங்கள் இவை. டிக்கியில் இருக்கும் கொஞ்ச இடத்தில் எதை வைப்பது?

முதல் செலவு காற்றுக்கு!

பல நேரம் வண்டியை யாரும் இழுக்கவே தேவையில்லை. 30 பிஎஸ்ஐ சொச்சம் இருக்கும் டயர் காற்றை 18-20க்கு இறக்கினால், டயர் மண்ணில் படும் பரப்பு கூடும். புதையாமல் ஏறி வரும். அதனால் முதலில் வாங்க வேண்டியது ஒரு பிரஷர் கேஜ், ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை மறுபடி நிரப்பணும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கலாம். நாலு டயருக்கும் அடிப்பதற்குள் சூடாகி நின்றுபோகும் கம்ப்ரசரும் இருக்கு. எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும் என்று பெட்டியில் பாருங்க.

அடுத்து மண்வெட்டி. வண்டியின் அடிப்பகுதி மண்ணில் உட்கார்ந்துவிட்டால் தோண்டித்தான் ஆகணும். மடக்கு மண்வெட்டி பார்க்க அழகு, ஆனால் கைப்பிடி ரொம்பக் குட்டையாக இருந்தால் வண்டிக்கு அடியில் எட்டாது. பிடியை அளவாக வெட்டிய நம்ம ஊர் மண்வெட்டியே போதும்.

பெல்ட்டில்தான் ஆபத்து

டோ பெல்ட் வேறு, ஸ்னாட்ச் ஸ்ட்ராப் வேறு. டோ பெல்ட் நீளாது. ரிப்பேரான வண்டியை ரோட்டில் மெதுவாக இழுக்க மட்டும்தான். அதை மாட்டி வெடுக்கென இழுத்தால் பெல்ட்டோ ஹூக்கோ பிய்ந்துவிடும். ஸ்னாட்ச் ஸ்ட்ராப் நைலான். சுமார் 20% நீண்டு, ரப்பர் போல இழுவையைக் கொடுக்கும்.

பெரிய சைஸ் நல்லது என்று நினைப்பதும் தப்பு. ஸ்ட்ராப் அறுபடும் அளவு, இரு வண்டிகளில் எடை குறைந்ததன் மொத்த எடையைப் போல 2 முதல் 3 மடங்கு இருக்கணும். ஆள், சாமானோடு ஒன்றரை டன் வரும் ஜிம்னிக்கு 3 முதல் 4.5 டன் சரி. 8 டன் ஸ்ட்ராப் மாட்டினால் அது சரியாக நீளாது, அதிர்ச்சி முழுவதும் வண்டியில் இறங்கும்.

எதில் மாட்டுவது என்பது அதைவிட முக்கியம். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கூடவே கூடாது. அது உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்களே போயிருக்கு. பம்பரில் திருகி மாட்டும் வளையமும் ரோட்டில் இழுக்கத்தான். சேஸிஸில் போல்ட் போட்ட, டன் கணக்கு குறிப்பிட்ட ரிகவரி பாயின்ட் வேணும். ஷேக்கிளிலும் தாங்கும் எடை பொறித்திருக்கணும். எழுத்தே இல்லாத ஷேக்கிளைத் தொடாதீங்க. துணி நாரில் வரும் சாஃப்ட் ஷேக்கிள் எடை குறைவு, அறுந்தாலும் இரும்பு பறக்காது.

தனியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு வண்டி கிடைக்காதே? அப்போ ஸ்ட்ராப்பை விட இரண்டு டிராக்‌ஷன் போர்டு உதவும். சக்கரத்தைச் சுழல விடாமல் மெல்ல ஏற்றணும், இல்லையென்றால் போர்டின் பல் உருகிவிடும். வின்ச் இப்போதைக்கு வேண்டாம். விலையும் எடையும் அதிகம்.

இழுக்கும்போது ஸ்ட்ராப்பின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்க. டிரைவர்களைத் தவிர எல்லோரும் ஸ்ட்ராப் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்கணும். 9 மீட்டர் ஸ்ட்ராப் என்றால் சுமார் 14 மீட்டர். வீடியோ எடுப்பவருக்கும் இதே கணக்குதான்.