அலரி, அரளி, அரளி விதை

பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி என்றால் பயிர். கஜ்ஜல்நாயக்கன்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் மொட்டாகவே பறித்து, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கும் வெளியூர்களுக்கும் மூட்டை கட்டுகிறார்கள். பரமத்தி வேலூர் ஏலச் சந்தையில் குண்டுமல்லிக்கும் சம்பங்கிக்கும் பக்கத்தில் அரளிக்கும் ஒரு விலை உண்டு. ஆடு மாடு வாய் வைக்காத செடி என்பதால் நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் அதுவே பூத்து நிற்கிறது. இதே வட்டாரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் "அரளி விதை" என்று சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடும். விதை என்ற ஒரு சொல் சேர்ந்ததும் பொருள் மட்டும் மாறவில்லை, செடியே மாறிவிடுகிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அலர்தல் என்றால் மலர்தல். அதிலிருந்து அலரி, பூவுக்கும் சூரியனுக்கும் இந்தச் செடிக்கும் அது பெயர். வாய்வழக்கில் ரகரம் முன்னே வந்து, லகரம் பின்னே போய் ளகரமாகி, அரளி ஆயிற்று. தசை சதையான மாதிரி. யாழ்ப்பாணத்தில் இன்றும் அலரிதான். இலங்கைப் பிரதமரின் கொழும்பு இல்லத்தைத் தமிழில் அலரி மாளிகை என்கிறோம். ஆனால் சிங்களத்தில் அரலிய என்பது நம் ஊர் கோயில்களில் நிற்கும் பெருங்கள்ளி மரத்தைக் குறிக்கும். ஒலி ஒன்றுபோல இருக்க, மரம் வேறாகிவிட்டது.

நம் அரளிக்கு இன்னொரு பழைய பெயர் கணவிரம், கணவீரம். வடமொழியில் கரவீரம். தெலுங்கின் கன்னேரு, இந்தியின் கனேர், சிங்களத்தின் கணேரு எல்லாம் இந்த வரிசையில் வருபவை. சேலத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் கன்னேரு என்று கேட்டால் அந்தப் பழம்பெயரின் எதிரொலியைக் கேட்கிறீர்கள். அகநானூற்றில் மாமூலனார், பாலை வழியில் வீழ்ந்து கிடப்பவர்களின் குருதிக்குக் கணவிர மாலையை உவமை சொன்னார். மிருச்சகடிக நாடகத்தில் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் சாருதத்தன் கழுத்தில் கிடப்பதும் கரவீர மாலைதான். பழைய பெயரோடு சாவின் நினைவு ஒட்டியிருந்தது. அரளி என்ற பெயரிலோ பூத்தல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இந்த இழப்பு சிறியதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலியோரத்து மஞ்சள் அரளி பிறகு வந்து சேர்ந்தது. சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1753-இல் லின்னேயஸ் அதைச் செர்பெரா பேரினத்தில் சேர்த்தார். கிரேக்கக் கதையில் பாதாள வாசலைக் காக்கும் நாயின் பெயர் அது. தெவெட்டியா என்ற மற்றொரு பெயர் ஆந்த்ரே தெவெ என்ற பிரெஞ்சுத் துறவியை நினைவுபடுத்துகிறது. நம்மவர்கள் நீண்ட இலையைப் பார்த்தார்கள், பொன்னரளி என்றார்கள். குடும்பமும் ஒன்று, நஞ்சும் ஒரே வகை. அரளி விதை என்று ஊர் சொல்வது பெரும்பாலும் இதன் பருத்த பச்சைக் காய்க்குள் இருக்கும் கொட்டையையே. சந்தைக்குப் போகும் பூ அரளியின் காய் மெலிந்த நெற்று. அதன் விதையில் பஞ்சுபோல மயிர் இருக்கும்.

பூ அரளியில் ஒலியாண்ட்ரின், பொன்னரளியில் தெவெட்டின். இரண்டும் இதயச் செல்லின் சுவரில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பை நிறுத்துகின்றன. உள்ளே சோடியம் தேங்க, அதைத் தொடர்ந்து கால்சியமும் தேங்கி, நேரம் தவறிய துடிப்புகள் கிளம்பும். இன்னொரு பக்கம் வேகஸ் நரம்பின் பிடி இறுகுகிறது. அது சுரக்கும் அசிட்டைல்கோலின், மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு கடக்கும் கணுவில் வழியை மறிக்கிறது. ஈ.சி.ஜி. தாளில் இது கண்ணுக்கே தெரியும்: பி என்னும் சிறு மேடு வரும், அதையடுத்து எழ வேண்டிய கூர்முனை எழாது, வெறும் கோடு ஓடும். அட்ரோபின் கொடுத்து அசிட்டைல்கோலினைத் தடுப்பார்கள். போதாதபோது தற்காலிக பேஸ்மேக்கர் வைப்பார்கள். டிஜாக்சின் என்னும் இதய மருந்துக்கான முறிவு மருந்து மஞ்சள் அரளிக்கும் பலிக்கிறது என்று இலங்கையில் நடந்த ஆய்வு 2000-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆனால் அது விலை மிகுந்த மருந்து.

இந்த நஞ்சுக்கு அஞ்சி, 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களின் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்தியது. மலையாளத்திலும் அதன் பெயர் அரளியே.

வீட்டில் யாராவது அரளி தின்றதாகத் தெரிந்தால், "தெளிவாகத்தானே பேசுகிறார்" என்று காத்திருக்காதீர்கள். இதயம் பிறகும் தடம் புரளும். கைவைத்தியம் வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள். மனம் உடைந்து நிற்பவர் அருகில் இருந்தால் 104-இல் பேசவையுங்கள். மருத்துவரிடம் அரளி என்று மட்டும் சொல்லாதீர்கள். கணுவுக்கு மூன்றாக இலை விட்டிருந்தால் பூ அரளி. ஒற்றை ஒற்றையாக மாறி மாறி விட்டிருந்தால் பொன்னரளி. பூவா, இலையா, வேரா, விதையா என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் அந்தச் செடியில் ஒரு கிளையை ஒடித்து உடன் எடுத்துப் போங்கள்.